பெட்டியில் வந்த பனிக்காலம்: எது தேறும், எது தேறாது

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கென்று ஆன்லைனில் விற்கிற குளிர்காலச் செயல்பாட்டுப் பெட்டி இது. விலை 899 ரூபாய். எட்டு செயல்பாடுகள் என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். கோவை, திருப்பூர்ப் பக்கத்து எல்கேஜி வகுப்பில் எடுத்துப் பிரித்தால் இரண்டு அருமை. இரண்டை நம் ஊர்ப் பொருளைப் போட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்று வெறும் பேப்பர் வேலை. ஒன்றைப் பிள்ளைகள் கண்ணிலேயே காட்டக் கூடாது.

முதலில் ஐஸ். பெட்டியின் உயிரே இதில்தான் இருக்கிறது. சிலிகான் அச்சு ஒன்று, பிளாஸ்டிக் பொம்மைகள் ஆறு. பொம்மையைத் தண்ணீரில் போட்டு உறைய வைத்து, பிள்ளைகள் அதை மீட்டெடுக்க வேண்டும். குறிப்பேட்டில் சொன்னபடி செய்தால் சரியாக வராது. பிளாஸ்டிக் லேசு என்பதால் பொம்மை மேலே மிதந்து அப்படியே உறைந்துவிடும். பிள்ளை ஒரு தட்டுத் தட்டினால் கையோடு வந்துவிடும், ஆட்டம் முடிந்தது. பாதித் தண்ணீரை ஊற்றி மூன்று மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, மேல்பக்கம் கெட்டியானதும் பொம்மையை வைத்து, அதன் அடி மட்டும் நனைகிற அளவு தண்ணீர் விட்டு, ஒட்டி உறைந்த பிறகு மீதியை ஊற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். விளிம்புவரை ஊற்றாதீர்கள். உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும், ஒரு விரற்கடை இடம் வேண்டும்.

அச்சின் குழிகள் ரொம்பச் சின்னவை. இங்கே மார்கழியிலும் பகல் பத்தரை மணிக்கு வெயில் ஏறிவிடும். தட்டைச் சுற்றி எல்லாரும் உட்காருவதற்குள் அந்தக் கட்டி கரைந்துபோகும். 250 மில்லி பிடிக்கிற எவர்சில்வர் கிண்ணம்தான் சரி. கண்ணாடி வேண்டாம், விரிசல் விடும். கட்டியை எடுக்கக் கிண்ணத்தின் அடியைக் குழாய்த் தண்ணீரில் ஒரு நிமிஷம் வைத்தால் போதும்.

குறிப்பேடு சுத்தியலைச் சொல்கிறது, உப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உப்புதான் பாடமே. கட்டியின் மேல் அரை டீஸ்பூன் கல் உப்பைப் போட்டு இரண்டு நிமிஷம் பொறுங்கள். ஒவ்வொரு கல்லும் தன் அடியில் ஒரு குழியைத் தோண்டிக்கொண்டு உள்ளே இறங்கும். அதன்மேல் இங்க் ஃபில்லரால் சிவப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால், நிலக்கடலைச் செடியைப் பிடுங்கியதும் தெரிகிற வேர் மாதிரி நிறம் கிளைத்து ஓடும். தூள் உப்பில் இது வராது, மேற்பரப்பு முழுக்க ஒரே சீராக வழுக்கிப்போகும். உப்பைக் கையில் கொடுக்காதீர்கள், ஸ்பூனில்தான். உப்பு சேர்ந்த ஐஸ் பூஜ்ஜியத்துக்கும் கீழே குளிர்ந்துவிடும், உள்ளங்கையில் பிடித்தால் தோல் புண்ணாகும்.

ஆறு பொம்மையில் மீன் மட்டும் ஆபத்து. சிறு பாகங்களைச் சோதிக்கிற உருளையின் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் முழுசாக அடங்கும் பொருள் சின்னக் குழந்தையின் தொண்டையை அடைக்கும். இந்த மீன் அடங்குகிறது. வகுப்பில் மூன்று வயது நிரம்பாத பிள்ளை இருந்தால் எடுத்துவிடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரையையும் தேடிப் பாருங்கள், பொம்மைகளுக்கு அது 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம்.

அடுத்த நல்லது எப்சம் உப்பு ஓவியம். ஐம்பது கிராம் பொட்டலம் இருக்கிறது. அதே அளவு சுடுதண்ணீரில் பெரியவர்கள் கரைத்து, நன்றாக ஆறவிட்டு, கருப்புச் சார்ட்டில் பிரஷ்ஷால் பூசச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஃபேனுக்கு அடியில் வைத்தால் ஊசி ஊசியாகப் படிகம் பூக்கும். கூடவே வந்த கருப்புத் தாள் மெல்லிசு, ஈரத்தில் சுருண்டுகொள்ளும். கெட்டிச் சார்ட் வாங்கிக்கொள்ளுங்கள். சில நாளில் படிகம் வெளுத்து மாவாக உதிரும், அது சரக்கின் குறையில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இது பேதிக்குக் கொடுக்கிற உப்பு. விரலை நக்குகிற பிள்ளையைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையுறை ஜோடி சேர்க்கிற அட்டையை நம் பிள்ளைகள் "கை பொம்மைங்க மிஸ்" என்பார்கள். பார்த்தேயிராத பொருளில் கோடும் கட்டமும் ஒப்பிடுவது இரட்டைச் சுமை. ஆறு ஜோடி சாக்ஸைக் கலைத்துப் போட்டு, கொடி கட்டி, துணி க்ளிப் மாட்டச் சொல்லுங்கள். திருப்பூர்க்காரர்களுக்கு பனியன் வேஸ்டில் கையுறை வடிவமே வெட்டிக்கொள்ளலாம், துணிக்குப் பஞ்சமில்லை. பெட்டியில் உள்ள மரக் க்ளிப்பின் ஸ்பிரிங் முரட்டுத்தனமாக இருக்கிறது. மூன்று வயது விரலுக்கு அது திறக்காது, பிள்ளை பல்லால் கடிக்கும்.

பஞ்சு ஒட்டிச் செய்யும் பனிமனிதனுக்குப் பஞ்சு வேண்டாம், பசை பட்டதும் விரலோடு பிய்ந்து வருகிறது. பொங்கலுக்கு முன்னால் காப்புக் கட்ட ஆவாரம்பூ, வேப்பிலையோடு பூளைப்பூ கட்டுக் கட்டாய்ச் சந்தைக்கு வருமே, அதில் ஒரு கைப்பிடி போதும். காம்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கிள்ளி ஒட்டும்போது கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நல்ல வேலை. பென்சில் பிடிக்கிற பிடியே அதுதான். தும்மல் வருகிற பிள்ளைக்கு மட்டும் கொடுக்க வேண்டாம்.

உடனடிப் பனி என்ற பெயரில் ஒரு வெள்ளைப் பொடி. தண்ணீர் விட்டதும் பொங்கிப் பஞ்சாகும், பார்க்க வேடிக்கைதான். அது தண்ணீரை உறிஞ்சி உப்புகிற பாலிமர். வாயிலும் கண்ணிலும் போகக் கூடாதது, கழுவி விட்டால் குழாயை அடைக்கும். இந்த வயதுக்கு எதற்கு?

பேப்பர் வேலை மூன்றில் எழுத்துப் பயிற்சித் தாள் எங்கும் கிடைக்கிற சரக்கு. இன்னொன்றில் பென்குவினையும் பனிக்கரடியையும் ஒரே பனிப்பாறையில் நிறுத்தியிருக்கிறார்கள். அது தென்கோளம், இது வடதுருவம். நம் குளிர்காலத்துக்கு வருகிற விருந்தாளி வேண்டுமென்றால் ஈரோட்டுப் பக்கம் வெள்ளோட்டு ஏரிக்கு வருகிற ஊசிவால் வாத்துப் படத்தை ஒட்டுங்கள். எண்ணுவதற்குக் கொடுத்த பனித்துகள் ஸ்டிக்கரில் பாதிக்கு எட்டுக் கரம். உறையும் தண்ணீர் ஆறு கரமாகத்தான் கிளைக்கும். அதற்குப் பதில் மூன்று புள்ளி இரண்டு வரை இடைப்புள்ளி வையுங்கள். நடுப்புள்ளியைச் சுற்றி ஆறு புள்ளி. எதிரெதிர்ப் புள்ளிகளை நடு வழியாக இழுத்தால் மூன்றே கோட்டில் பனித்துகள். மார்கழியில் வாசல் கோலம் பார்த்து வருகிற பிள்ளைக்குச் சொல்லித்தரவே வேண்டாம்.

பெட்டி தொடாத விஷயம் ஒன்று. பனி என்றால் இங்கே வானத்திலிருந்து கொட்டும் வெள்ளை இல்லை, காலையில் புல் நனைந்திருப்பது. ஃப்ரிட்ஜில் வைத்த சிவப்புத் தண்ணீரை எவர்சில்வர் டம்ளரோடு மேசையில் வையுங்கள். வெளிப்பக்கம் முத்து முத்தாய் வேர்க்கும். "எங்கிருந்து கண்ணு வந்துச்சு?" என்றால் "டம்ளர் ஓட்டைங்க மிஸ்" என்றுதான் பதில் வரும். வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டுங்கள், துணியில் சிவப்பு ஒட்டாது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பவும் ஒரு வேலை உண்டு: ராத்திரி ஒரு தட்டு வாசலில், இன்னொன்று தாழ்வாரத்தில். மேகமும் காற்றும் இல்லாத இரவு என்றால், காலையில் விரலால் கோடு போடும் அளவுக்கு வாசல் தட்டு நனைந்திருக்கும், கூரைக்கு அடியில் இருந்தது காய்ந்தே கிடக்கும். வெயில் படுவதற்கு முன் பார்க்கச் சொல்லி டைரியில் எழுதி அனுப்புங்கள், எட்டு மணிக்கெல்லாம் காய்ந்துவிடும்.