பனியில் ஓட்டும் ஸ்னோமொபைலை பிக்கப்பின் முதுகில் ஏற்றுவதா, டிரெய்லரில் இழுப்பதா?

பிக்கப்பின் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்த்து வண்டி எவ்வளவு தாங்கும் என்று அதில் போட்டிருக்கும். 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

பிக்கப்பின் தொட்டிக்கு மேல் டெக் (ஏற்றி நிறுத்தும் தட்டையான மேடை) பொருத்தி இரண்டு ஸ்னோமொபைலை ஏற்றினால் பார்க்கக் கச்சிதம்தான். குறுகலான சாலையில் திருப்புவதும் பின்னால் எடுப்பதும் சுலபம். ஆனால் கணக்குப் போடுங்கள்: டெக் 160 கிலோ, பெட்ரோலோடு ஸ்னோமொபைல்கள் தலா 250, முன்னால் இரண்டு பேர் 160. மொத்தம் 820! பெட்டி, கருவிகள், திரும்பி வரும்போது ஸ்னோமொபைலின் டிராக்கில் (அதை ஓட வைக்கும் சுழல் பட்டையில்) இறுகிக் கிடக்கும் பனியெல்லாம் இன்னும் சேரவில்லை. பாரத்தில் பெரும்பகுதி பின் அச்சில் இறங்கும். முன் சக்கரப் பிடி குறைந்தால் வழுக்கும் சாலையில் ஸ்டியரிங் பேச்சுக் கேட்காது.

டிரெய்லர் என்றால் அதே இரண்டு ஸ்னோமொபைலோடு 800 கிலோ வரலாம். அதில் பிக்கப்பின் ஹிட்ச்சின் (டிரெய்லரை மாட்டும் கொக்கியின்) மேல் இறங்குவது பத்து முதல் பதினைந்து சதவீதம், அதாவது 80 முதல் 120 கிலோ. ஆட்களைச் சேர்த்தாலும் 300ஐத் தாண்டாது. அப்புறம் இழுவை வரம்பு, டிரெய்லரின் அச்சு, டயர் எல்லாவற்றையும் தனியாகப் பார்க்கத்தான் வேண்டும். நிறுத்த இடமும் கூடுதலாகத் தேவை.

ஒரே ஒரு ஸ்னோமொபைல் என்றால் டெக் சரி. இரண்டு என்றால், அதிக பாரம் தாங்கும் பிக்கப் இல்லாதவர்களுக்கு நான் டிரெய்லரைத்தான் சொல்வேன். எதுவானாலும் முழுசாக ஏற்றி, ஆட்களோடு ஒருமுறை எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள்.