பழைய பைனோகுலர் ஒன்று, ஐந்து மாதம் பாவித்தபின்

போன ஒக்டோபரில் கொழும்பு புறக்கோட்டையில் வாங்கினேன். பழைய கமெரா, லென்ஸ் விற்கிற சின்னக் கடை. 9,500 ரூபா. மேலே இருந்த பெயர் தேய்ந்துவிட்டதால் எந்தக் கொம்பனி என்று கேட்காதீர்கள். 8×42 என்ற இலக்கம் மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

உண்மையில் நான் போனது அம்மாவின் ரேடியோவைத் திருத்தக் கொடுக்க. இனிச் சரிவராது என்று பக்கத்துக் கடையில் சொல்லிவிட்டார்கள். வெறுங்கையோடு திரும்பும்போது இது கண்ணில் பட்டது. "எடுத்துப் பாருங்க அக்கா, காசு அப்புறம் பேசலாம்" என்றார் முதலாளி. கடை வாசலில் நின்று எதிர்க் கட்டடத்துக் கூரையைப் பார்த்தேன். ஒரு காகம் வாயைத் திறந்தபடி வெயிலில் நின்றது. அதன் நாக்குத் தெரிந்தது. நாலு மாதத்தில் முதல்தடவையாக ஒன்றை ஒரு நிமிடத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

அம்மா ஆனியில் போனா. அதன்பிறகு வேலைக்குப் போவேன், வருவேன், வெள்ளவத்தைத் தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் யன்னலோரக் கதிரையில் இருப்பேன். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டும். டொக்டர் மாத்திரை தந்தார், இப்போதும் போடுகிறேன். இந்தச் சாமான் அதற்குப் பதில் என்று ஒருவரும் நினைக்க வேண்டாம்.

என் அக்காவின் மகன் ஒரு ஆய்வை அனுப்பியிருந்தான். லண்டன் கிங்ஸ் கல்லூரிக்காரர் 2022இல் வெளியிட்டது. 1,292 பேரிடம் கைத்தொலைபேசிச் செயலி மூலம் கேட்டுக்கேட்டுப் பதிந்ததில், பறவையைக் கண்ட அல்லது கேட்ட நேரங்களில் மனம் தேறியிருந்ததாம், அது எட்டு மணித்தியாலம் வரை நீடித்ததாம், மனச்சோர்வு நோய் உள்ளவர்களுக்கும் அப்படித்தானாம். வெள்ளவத்தையில் காகத்தைத் தவிர என்ன இருக்கிறது என்று பதில் போட்டேன்.

சரி, சாமானுக்கு வருகிறேன். 8 என்றால் எட்டு மடங்கு பெருப்பிக்கும். 42 என்பது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீற்றரில். வாங்குகிறவர்கள் முதல் எண்ணைத்தான் பார்க்கிறார்கள், பெரிதாக இருந்தால் நல்லது என்று. பத்து, பன்னிரண்டு எல்லாம் கையில் பிடித்தால் படம் ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது எண்ணில்தான் விஷயம். 42ஐ 8ஆல் வகுத்தால் ஐந்து சொச்சம். கண்ணுக்குள் வரும் ஒளி வட்டத்தின் அளவு அது. விடியப்புறத்து மங்கலில் நம் கண்மணி விரிந்திருக்கும்போது அந்த ஐந்து மில்லிமீற்றர் பெரிய உபகாரம். பொக்கற்றில் வைக்கிற 8×21 வகையில் அதில் பாதிதான் வரும்.

முதல் இரண்டு கிழமையும் தலையிடி. பழுதானதைத் தலையில் கட்டிவிட்டார் என்று முதலாளியை மனதுக்குள் திட்டினேன். பிறகு பெறாமகன் வந்து, "சின்னம்மா, வலதுகண் வளையத்தைத் திருப்பவே இல்லையே" என்றான். வலதுகண்ணை மூடி, நடுச் சில்லால் இடதுகண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். பிறகு இடதுகண்ணை மூடி, அந்த வளையத்தால் வலதைச் சரிசெய்ய வேண்டும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் ரப்பர் குவளையைக் கீழே மடித்துவிட வேண்டும். ஒரு நிமிட வேலை, எனக்குப் பதினாலு நாள் எடுத்தது.

குறையும் உண்டு. இடது குழாய்க்குள் சிலந்திவலை மாதிரி ஒரு பூஞ்சணப் புள்ளி. கடல்காற்று வீட்டில் அது வளரும் என்பதால், சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைக்கிறேன். கழுத்தில் மாட்டினால் கனம். எதிர்த் தொடர்மாடி அக்கா இப்போதெல்லாம் திரையை இழுத்து மூடுகிறா, அதில் அவவைக் குற்றம் சொல்ல முடியாது. மரைன் டிரைவுக்குக் கொண்டுபோக இன்னும் கூச்சம். யுத்த காலத்தில் இங்கே வளர்ந்தவர்களுக்குப் புரியும், தமிழாள் ஒருவர் கையில் பைனோகுலரோடு கடலைப் பார்த்து நிற்பதை நினைத்தும் பார்த்திருக்க மாட்டோம்.

இனி அந்தக் காலை. கார்த்திகை, மழை விட்டு ஆறு மணி இருக்கும். தொடர்மாடிக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டு வளவு, மாமரம், கூட்டாத சருகு. அங்கிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில். ஊரில் மாரிகாலத்தில் அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா, "ஆறுமணிக் குருவி கத்திட்டுது, எழும்பு" என்று போர்வையை இழுப்பா. குருவியை நான் கண்டதேயில்லை. அம்மாவும் கண்டிருப்பாவோ தெரியாது, அவவுக்கு அது மணிக்கூடு.

சருகுக்குள் ஏதோ அசைந்தது. வெறுங்கண்ணுக்கு அது ஒரு சருகுதான். பைனோகுலரில் வந்தது பச்சை முதுகு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, இறகில் மயில்நீலத் துண்டு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, வெட்டிவிட்ட மாதிரிக் கட்டை வால். சருகைப் புரட்டும், நிற்கும், வாலை ஆட்டும், திரும்பப் புரட்டும். இமயமலை அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியாவிலும் கூடுகட்டிவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வருகிற இனம். அவ்வளவு தூரம் பறந்து வந்து ஒழுங்கைக் குப்பையில் புழுத் தேடுகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகையும் வந்தது, கண்ணாடி புகார் பிடித்துவிட்டது.

எட்டு மணித்தியாலம் எல்லாம் எனக்கு நிற்கவில்லை. கந்தோரில் பதினொரு மணிபோலப் பழைய கனம் திரும்ப வந்து உட்கார்ந்தது. ஆனால் அன்று தேத்தண்ணியைச் சூடாகக் குடித்தேன்.

அதற்குப் பிறகு வெள்ளவத்தைக் கால்வாயில் கொக்கும் கபரக்கொய்யா என்கிற நீர் உடும்பும் பார்த்திருக்கிறேன். பெத்தகானச் சதுப்புநிலப் பூங்காவுக்கு ஒரு ஞாயிறு ஓட்டோவில் போய் நீலத் தாழைக்கோழியும் கண்டேன். ஈரநிலங்களைக் காக்கிற ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ் கொழும்புக்கு 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது அங்கே போனபிறகுதான் தெரியும். ஆனாலும் பின்வளவு யன்னல்தான் எனக்கு வசதி.

9,500க்குப் பெறுமதிதான். பூஞ்சணப் புள்ளி இல்லாதது கிடைத்தால் ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுக்கலாம். பெறாமகன் ஒரு கிழமைக்கு இரவல் கேட்கிறான். குருவி இன்னும் வளவில் நிற்கிறது, சித்திரை பிறந்து அது வெளிக்கிட்டபின் வந்து எடுத்துக்கொண்டு போ என்றேன்.