கோனாவில் மான்டா திருக்கை பார்க்கப் போய் ஏமாந்த கதை

ஹவாயின் கோனா கரையோரத்தில் மான்டா திருக்கைகளைக் காண இரவு டைவிங் செல்லவிருப்பவர்கள், "திருக்கை வராவிட்டால் மறுபயணம் இலவசம்" என்ற வாக்குறுதியை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன்.

முன்பதிவின்போது, ஒரு வழிகாட்டிக்கு ஆறு பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள் என்று சொன்னார்கள். படகில் எண்ணிப் பார்த்தேன். பதினொரு பேருக்கு ஒரே வழிகாட்டி. அப்போதே இறங்கியிருக்க வேண்டும்.

இந்த டைவிங்கில் எல்லாமே வெளிச்சத்தை நம்பித்தான் நடக்கிறது. சுமார் 10 மீட்டர் ஆழத்தில், கடலடித் தரையில் வட்டமாக அமர்ந்து டார்ச்சுகளை மேல்நோக்கிப் பிடித்தால், அந்த ஒளிக்கு மிதவை உயிரிகள் திரளும்; அவற்றை உண்பதற்காகத் திருக்கைகள் வாயை அகலத் திறந்தபடி தலைக்கு மேலே குட்டிக்கரணம் போட்டுச் சுழலும். எனக்குக் கொடுத்த டார்ச்சோ பத்தாவது நிமிடத்தில் மஞ்சளாக மங்கி, என் கையுறையைக்கூடக் காட்ட முடியாத நிலைக்கு வந்துவிட்டது. மாற்று டார்ச் வழிகாட்டியிடமும் இல்லை.

அலையின் இழுப்பில் அசையாமல் இருக்க, வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஈயக் கட்டிகளைக் கட்டிக்கொள்வது இங்குள்ள நடைமுறை. படகிலேயே நான் கேட்டும் "இதுவே போதும்" என்று மறுத்துவிட்டார்கள். கீழே ஒவ்வோர் அலையும் என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டதில், எரிமலைப் பாறையிலிருந்த கடல் முள்ளெலியின் மீது முழங்கால் மோதி, கறுப்பு முட்கள் வெட்சூட் எனும் ரப்பர் டைவிங் உடையைத் துளைத்துச் சதைக்குள் ஒடிந்து நின்றன.

அன்று எங்கள் குழுவை ஒரு திருக்கையும் நெருங்கவில்லை. அதற்காக யாரையும் குறை சொல்லமாட்டேன். அவை காட்டுயிர்கள், விரும்பினால்தான் வரும். ஆனால் கரைக்குத் திரும்பி மறுபயணம் கேட்டபோது, பக்கத்துப் படகுக் குழுவின் விளக்குகளுக்கு மேலே தொலைவில் ஒரு நிழல் கடந்ததை எங்களில் ஒருவர் கண்டதால், திருக்கை "வந்துவிட்டது" என்று கணக்கு முடித்தார்கள். படகிலுள்ள எவரேனும் ஒன்றைக் கண்டாலே சலுகை செல்லாது என்பது, நான் கையெழுத்திட்ட தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு மறுநாள் இரவு வரச் சொன்னார்கள். அதற்கு அடுத்த காலை எனக்கு விமானம் என்பது முன்பதிவிலேயே அவர்களுக்குத் தெரியும். அடுத்தடுத்த நாள்களில் டைவிங் செய்தவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற பொதுப் பரிந்துரை, அதையே தொழிலாகச் செய்பவர்களுக்குத் தெரியாதிருக்குமா? நான் மறுத்ததும், "வாடிக்கையாளரே வேண்டாம் என்றுவிட்டார்" என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

பணம் கட்டுமுன், "வந்தது" என்பதற்கு அவர்கள் தரும் விளக்கத்தை எழுத்தில் வாங்குங்கள். டார்ச்சைப் படகிலேயே எரியவிட்டுப் பாருங்கள். நான் பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினேன். முதலாவதற்கு மட்டும் பதில் வந்தது: அடுத்த முறை வந்தால் பத்து விழுக்காடு தள்ளுபடியாம்.