கிறிஸ்டோஃபோரியா, வால்டரா?

மார்த்தாண்டம் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் பழைய பியானோவின் பிரதியைக் கையால் செய்வதென்றால், எதைச் செய்வது என்பதுதான் முதல் கேள்வி. பியானோவைக் கண்டுபிடித்தவர் கிறிஸ்டோஃபோரி. ஃபுளோரன்ஸில் அவர் செய்த பியானோக்களில் மிஞ்சியவை மூன்றே. ஜெர்மனியின் லைப்சிக்கில் உள்ள 1726-ஆம் ஆண்டுக் கருவியில், விரலால் அழுத்தும் கட்டைகள் 49. வியன்னாவில் வால்டர் என்ற பியானோ செய்பவர் செய்து, இசையமைப்பாளர் மொசார்ட் வாசித்ததில் 61.

கட்டை குறைவு என்பதால் கிறிஸ்டோஃபோரி சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். விரல் அழுத்தியதும் கட்டை ஓர் இடைநெம்புகோலைத் தள்ளும். அதுதான் கம்பியை அடிக்கும் சுத்தியலை எறியும். சுத்தியல் தலையோ, காகிதத்தைச் சுருட்டி ஒட்டிய வளையம். அதன் மேல் ஒரு தோல் துண்டு. சுருள் ஒரே சீராக இல்லாவிட்டால் ஒவ்வொரு சுரமும் ஒவ்வொரு குரலில் பேசும். வால்டரில் சுத்தியல் கட்டையின் மேலேயே உட்கார்ந்திருக்கும். உறுப்புகள் குறைவு, பழுது பார்ப்பதும் எளிது.

ஆனால் நமக்கு ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். மரம் ஊதும், அப்புறம் சுருங்கும். இந்த இரண்டு பியானோக்களிலுமே கம்பிகளின் இழுவையைத் தாங்கும் இரும்புச் சட்டம் கிடையாது. கிறிஸ்டோஃபோரி, கம்பிகளின் அதிர்வைப் பெருக்கும் ஒலிப்பலகையைத் தனி உள்சுவரில் பொருத்தி, கம்பிகளின் இழுவையை வெளிச்சுவர் தாங்கும்படி செய்தார். இந்த ஈரத்தில் அது பெரிய வரம். வால்டருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மரமா? வெளிப்பெட்டிக்கு உள்ளூர் மரம் போதும். ஒலிப்பலகைக்குக் கிறிஸ்டோஃபோரியில் சைப்ரஸ் மரம், வால்டரில் ஸ்ப்ரூஸ் மரம். வரவழைத்தே ஆக வேண்டும்.

அப்படியிருந்தும் என் ஓட்டு வால்டருக்கே. மொசார்ட்டை வாசிக்க 49 கட்டை போதாது.