தரையோரம் தூங்கிய கேஸ் சென்சார்

மும்பை செம்பூரில் எங்கள் பில்டிங் சிலிண்டரை விட்டுக் குழாய் கேஸுக்கு மாறியபோது, சொசைட்டியே (குடியிருப்போர் சங்கம்) எல்லா வீட்டுக்கும் கேஸ் சென்சாரும் தானாக மூடிக்கொள்ளும் வால்வும் போட்டுக் கொடுத்தது. இப்போது நாலு வருஷம். அதில் முதல் ஒன்றரை வருஷம் அது சுவரில் வெறும் அலங்காரம்.

பொருத்த வந்தவர் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் சென்சாரை அடித்துவிட்டுப் போனார். சிலிண்டர் என்றால் அது சரி. எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோரம் தேங்கும். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். காற்றில் பாதிக்குச் சற்று மேல்தான் கனம், மேலே ஏறிவிடும். நாங்களோ வாராவாரம் டெஸ்ட் பட்டனை அமுக்கி, அது கத்தியதும் நிம்மதியாகிவிடுவோம். அந்தப் பட்டன் பஸ்ஸரையும் விளக்கையும்தான் சோதிக்கிறது, மூக்கை அல்ல. ஒரு தீபாவளிக்குப் பரண் ஒழித்தபோது கையேடு அகப்பட்டது. குழாய் கேஸுக்கு மேற்கூரையிலிருந்து 30 செ.மீ.க்குள் என்று படமே போட்டிருக்கிறது!

மேலே மாற்றியதும் வேறு தொல்லை. சாம்பிராணிப் புகை, சானிடைசர், கொசு ஸ்பிரே எதற்கும் கத்தியது. வெள்ளிக்கிழமை பூஜைக்கு முன் அம்மா பிளக்கைப் பிடுங்கிவிடுவார். எங்கள் வால்வு மின்சாரம் போனால் மூடிக்கொள்ளும் ரகம், தானாகத் திறக்காது. ஸ்டூல் போட்டு ஏறிக் கையால் திருகினால்தான் அடுப்பு எரியும். பிரசாதம் பாதியில் நின்ற இரண்டாவது வெள்ளியோடு அம்மா விட்டுவிட்டார். இப்போது சாம்பிராணி ஹாலில்.

போன மழைக்காலத்தில்தான் சென்சார் உண்மையிலேயே கைகொடுத்தது. சிம்மில் வைத்த பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது, அம்மா போனில். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். எங்கள் பெட்டி அரை சதவீதத்திலேயே கத்துகிற அமைப்பு. கத்தியது, வால்வும் டக்கென்று மூடியது. ஆபீஸில் இருந்த என் மொபைலுக்கும் தகவல் வந்தது. வாஷியில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்ய? பக்கத்து வீட்டு மாமிக்குப் போன் போட்டேன். அதற்குள் அம்மா எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடக் கையை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டாராம். அந்த நேரத்தில் எந்த சுவிட்சையும் தொடக் கூடாது, ஜன்னலைத் திறக்க வேண்டும். சென்சாரோடு ஃபேனையும் இணைத்துத் தருகிறோம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். சாதா ஃபேன் மோட்டாரின் பொறி ஒன்று போதும்.

இந்தச் சென்சாருக்கு ஆயுள் 5 வருஷம் என்று லேபிளிலேயே இருக்கிறது, ஆகவே அடுத்த வருஷம் புதுசு. இந்தத் தடவை டேப் வைத்து நான் அளந்த பிறகுதான் சுவரில் துளை போடவே விடுவேன்.