ஜூலை இரவில் பாஸ் மீன்: எந்த லூர், எந்த நேரம், எந்த இடம்?

கிழக்கு டெக்சாஸில் ஜூலை மாதம் நடுப்பகலில் பாஸ் மீன் பிடிக்கப் படகெடுத்துக் கிளம்புபவரை யாரும் தடுக்க வேண்டாம். மணி இரண்டாவதற்குள் அவரே கரைக்கு வந்துவிடுவார். வெளியே வெயில் 38 டிகிரி, ஏரியின் மேல்மட்டத் தண்ணீரே 30 டிகிரிக்கு மேல். போதாக்குறைக்கு ஜெட் ஸ்கீக்களும் பெரிய படகுகளும் கிளப்பும் அலை. மீனும் சும்மா இருக்குமா, ஆழம் பார்த்து, நிழல் பார்த்து ஒதுங்கிவிடும். அதனால்தான் இங்கே கோடை வந்தால் பலர் தூண்டிலை ராத்திரிக்கு மாற்றிவிடுகிறார்கள்.

டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் இருக்கும் லேக் ஃபோர்க்கை வைத்தே பேசுகிறேன். 1980-ல் அணை கட்டி நிரப்பிய ஏரி, சுமார் 27,000 ஏக்கர். நிரப்பும்போது பெரும்பகுதி மரங்களை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். செத்த மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன. லார்ஜ்மவுத் என்ற பெரியவாய் பாஸ் வகையில் டெக்சாஸ் மாநிலச் சாதனை இந்த ஏரியில் பிடித்ததுதான்: 18.18 பவுண்டு, 1992 ஜனவரி, பிடித்தவர் பாரி செயின்ட் கிளேர். அவர் போட்டதோ கிராப்பி என்ற சின்ன மீனுக்கான உயிர் இரை! ஆகவே ராத்திரியில்தான் பெரிய மீன் வரும் என்று யாராவது அடித்துச் சொன்னால் பாதி நம்புங்கள். கோடை இரவில் கிடைப்பது பெரிய மீனுக்கான உத்தரவாதம் அல்ல. கரைக்குப் பக்கத்தில், நம் லூர் (செயற்கை இரை) எட்டும் ஆழத்தில், பசியோடு சுற்றுகிற மீன்.

முதல் போட்டி இரவுக்கும் விடியலுக்கும். விடியற்காலைக் கட்சிக்காரர்கள் சொல்வது நியாயம்தான்: தண்ணீர் அப்போதுதான் சற்று ஆறியிருக்கும், கண் தெரியும், கொசு குறைவு, எட்டரைக்கு வீட்டுக்கு வந்து தோசை சாப்பிடலாம். ஆனால் அந்த வாய்ப்பு ரொம்பச் சின்னது. ஆறரை மணியை ஒட்டிச் சூரியன் வந்துவிடும், எட்டரைக்குள் கதை முடிந்துவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாசியும் நீர்ச்செடியும் பகலில் தண்ணீருக்குள் ஆக்சிஜன் விடும், இரவில் அவையும் சுவாசித்து அதைச் செலவழிக்கும். அதனால் செடி மண்டிய ஆழமில்லாத மூலைகளில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடிவதற்குச் சற்று முன்புதான். நல்ல இடம் என்று நினைத்து அங்கே போய் நின்றால் வெயில் ஏறும்வரை ஒன்றும் அசையாமல் இருக்கலாம். இரவு அப்படியில்லை. எட்டரை வாக்கில் சூரியன் மறையும், ஒன்பதரையிலிருந்து ஒரு மணி, இரண்டு மணி வரை நிதானமாகப் போடலாம். பொழுது சாய்ந்ததும் ஒரு மந்தமான நேரம் வரும். அந்திக் கடி நின்றிருக்கும், இருட்டுக் கடி தொடங்கியிருக்காது. பாதிப் பேர் அப்போதுதான் சலித்துக் கிளம்புகிறார்கள். என் ஓட்டு இரவுக்கு. மறுநாள் அலுவலகம் இருக்கிறது என்றால் விடியலுக்கு.

சரி, லூர். இதில்தான் சண்டையே. ராத்திரி பாஸ் பிடிப்பவர்களிடம் கேட்டால் மூன்று பதில் வரும்: கறுப்பு ஸ்பின்னர்பெய்ட், நீளமான பிளாஸ்டிக் புழு, தண்ணீர் மேல் ஓடும் ஜிட்டர்பக். எது அதிகம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். என் பார்வையில் கேள்வியே வேறு. பாஸுக்கு இருட்டு ஒரு பொருட்டல்ல. அதன் உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு தண்ணீரின் சின்ன அதிர்வையும் உணரும். வானத்து வெளிச்சத்தில் மேலே போகிற ஒரு நிழலுருவம் அதன் கண்ணுக்குத் தெரிந்தாலே போதும். இருட்டில் குருடாவது நாம்தான். தூண்டில் நரம்பு தெரியாது, எறிந்த இடம் தெரியாது, கடித்தது மீனா மரக்கிளையா தெரியாது. ஆக, மீனுக்கு எது பிடிக்கும் என்பதைவிட நம் கைக்கு எது புரியும் என்று பார்த்து லூரைத் தேர்ந்தெடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அப்படிப் பார்த்தால் ஸ்பின்னர்பெய்ட் முன்னால் நிற்கிறது. ஒரு திறந்த ஊக்கைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு காலில் ஈயத்தலை, முள், அதைச் சுற்றி ரப்பர் பாவாடை. இன்னொரு காலில் சுழலும் தகடு. பகலில் இலை வடிவத் தகடு போடுவார்கள், மினுக்குவதற்கு. இரவில் மினுக்கி யாருக்கு? கொலராடோ பிளேடு என்ற, ஏறக்குறைய வட்டமான தகடு ஒன்றே ஒன்று போதும். அது ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணீரைத் தள்ளும். அந்தத் துடிப்பு நரம்பு வழியாக ராடுக்கு, அதாவது தூண்டில் கம்புக்கு, வந்து, ராடிலிருந்து உள்ளங்கைக்கு வரும். முக்கால் அவுன்ஸ் எடையை எறிந்து, தரை தட்டும்வரை விட்டு, மெதுவாகச் சுற்றினால் டும் டும் டும் என்று கையில் தெரிந்துகொண்டே இருக்கும். அந்தத் துடிப்பு நின்றால் ஏதோ நடந்துவிட்டது. செடி சிக்கியிருந்தால் துடிப்பு மங்கி இழுவை கூடும். மீன் பின்னாலிருந்து வந்து வாயில் வாங்கியிருந்தால் எடையே இல்லாமல் தொளதொளவென்று ஆகும், அப்போது ஓங்கி இழுக்க வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கை சீக்கிரமே கற்றுக்கொள்கிறது. குறை ஒன்று உண்டு: மிக மெதுவாக ஓட்டினால்தான் வேலை செய்யும். சுற்றும் வேகம் கூடினால் லூர் தரையை விட்டு எழும்பிவிடும். பகலில் வேகமாகச் சுற்றிப் பழகியவர்களுக்கு இதுவே பெரிய தண்டனை.

புழு இதற்கு நேர் எதிர். பத்து அங்குலப் பிளாஸ்டிக் புழு, துப்பாக்கிக் குண்டு வடிவ ஈயம், நடுவே ஒரு கண்ணாடி மணி, முள்முனை புழுவின் உடலுக்குள்ளேயே புதைந்திருக்கும். டெக்சாஸ் ரிக் என்பார்கள். லேக் ஃபோர்க் போல மரம் நிற்கும் ஏரிக்கு இதைவிடச் சிக்காத லூர் கிடையாது. பெரிய மீனையே தேடுபவர்கள் பலர் இதையே சத்தியம் செய்து சொல்வார்கள். ஆனால் கடி எப்படித் தெரியும்? ஒரு 'டக்'. சில சமயம் அதுகூட இல்லை, ஈரத்துணி தொங்குகிற மாதிரி ஒரு கனம். பகலில் நரம்பு பக்கவாட்டில் நகர்வதைக் கண் பார்த்துவிடும், ராத்திரி அந்த உதவி இல்லை. நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் மீன் முள்ளை விழுங்கிவிடும், தொண்டையில் மாட்டிய மீனை உயிரோடு விடுவது கடினம். பழகிய கைக்குப் புழு அருமையான கருவி. முதல் வருடம் இரவில் இறங்குபவருக்கு நான் தர மாட்டேன்.

ஜிட்டர்பக் பழைய ஆள். ஓஹியோவின் ஆக்ரனில் ஃபிரெட் ஆர்பகாஸ்ட் 1930-களில் உருவாக்கியது, இன்றும் கடையில் கிடைக்கிறது. முகத்தில் அகலமான உலோக உதடு. இழுக்க இழுக்கத் தலையை இருபுறமும் ஆட்டி, பொளக் பொளக் என்று தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டு வரும். இதில் கைக்கு வேலை இல்லை, காதுக்குத்தான் வேலை. ஒரே சீரான வேகம் முக்கியம், மீன் சத்தத்தை வைத்து எங்கே பாய்வது என்று கணக்குப் போடுகிறது. நடுவில் நிறுத்தி நிறுத்தி ஆட்டினால் அது குறி தவறும். அப்புறம் திடீரென்று தண்ணீர் வெடிக்கும். கறுப்பில் எங்கேயோ தொட்டிக்குள் செங்கல் போட்ட மாதிரி ஒரு சத்தம், உடனே கை தானாக ராடைத் தூக்கும். அங்கேதான் மீன் போகிறது. கூட வருபவர்களிடம் நான் கத்துவது இதற்குத்தான்: "அண்ணே, சத்தத்துக்குத் தூக்காதீங்க, வெயிட் தெரியட்டும்!" பாய்ந்த மீன் லூரைத் தவறவிட்டிருக்கலாம், நீங்கள் வெடுக்கென்று இழுத்தால் இரண்டு மும்முனை முட்களோடு அந்த லூர் இருட்டில் உங்கள் முகத்தை நோக்கி வரும். ராத்திரி ஜிட்டர்பக் போடுபவர் கண்ணாடி அணிவது நல்லது, பவர் இல்லாவிட்டாலும். காற்று அடித்தாலோ மேலே செடி மிதந்தாலோ இது உதவாது. காற்றில்லாத இரவில் இதற்கு ஈடான சுகமும் கிடையாது.

ஒரே ராடுதான் இருக்கிறது என்றால் ஸ்பின்னர்பெய்ட். இரண்டு இருந்தால் இரண்டாவதில் ஜிட்டர்பக். புழு அடுத்த வருடம்.

நிறத்தில் அதிகம் மெனக்கெட வேண்டாம். கறுப்பு. கீழேயிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் முன்னால் கறுப்பு உருவம்தான் துல்லியமாகத் தெரியும். கடையில், இருட்டில் ஒளிரும் பிளாஸ்டிக் லூர் பையை நிரப்பும், தண்ணீரில் கறுப்பைவிடச் சாதித்து நான் பார்த்ததில்லை.

வெளிச்சம் என்று வந்தால் தலைவிளக்கா, புற ஊதா விளக்கா என்ற கேள்வி. தலைவிளக்கு எல்லோரிடமும் இருக்க வேண்டும். முடிச்சுப் போட, முள்ளைக் கழற்ற வேறு வழியில்லை. தண்ணீர் மீது மட்டும் அடிக்காதீர்கள். ஒருமுறை வெள்ளை வெளிச்சம் கண்ணில் பட்டால் இருட்டுக்குப் பழகிய பார்வை முழுதாகத் திரும்ப இருபது முப்பது நிமிடம் ஆகும். அதனால் சிவப்பு வெளிச்சம் உள்ள விளக்கே சிறந்தது. புற ஊதா விளக்கு வேறு விஷயம். படகின் ஓரத்தில் ஒட்டிவிட்டால், ஒளிரும் சாயம் கலந்த மோனோ (ஒற்றை இழை நைலான்) நரம்பு அதில் நீலமாகப் பளிச்சிடும், நரம்பு துள்ளுவது கண்ணுக்குத் தெரியும். புழு போடுபவருக்கு இது ஏறக்குறைய கட்டாயம். ஸ்பின்னர்பெய்ட் போடுபவருக்கு வீண் செலவு. வாங்குகிறவர்கள் நரம்பையும் பார்த்து வாங்க வேண்டும், சாதாரண ஃப்ளூரோகார்பன் நரம்பு அந்த ஒளியில் மின்னாது.

பௌர்ணமியா அமாவாசையா என்று ஆளாளுக்கு ஒரு சித்தாந்தம். நிலா இருந்தால் மனிதனுக்கு வசதி, கரை தெரியும், மரம் தெரியும். முதல் தடவை போகிறவர் பௌர்ணமியை ஒட்டிப் போகட்டும். அதற்கு மேல் இதில் நான் வாதாடுவதில்லை.

இடத்தில் வாதாடுவேன். பலரும் முதலில் ஓடுவது வெளிச்சம் போட்ட படகுத்துறைகளுக்கு. வெளிச்சத்துக்குப் பூச்சி, பூச்சிக்கும் நுண்ணுயிருக்கும் ஷேட் என்ற சிறு மீன், அதற்குப் பாஸ் என்ற வரிசை உண்மைதான். லூரை வெளிச்ச வட்டத்துக்கு நடுவில் போடாமல் இருளும் ஒளியும் சேரும் ஓரத்தில் ஓட்டினால் கடி வரும், ஆனால் பெரும்பாலும் நடுத்தர மீன். தவிர அது ஒருவர் வீட்டுத் துறை, நள்ளிரவில் அவர் படுக்கையறைக்கு எதிரே நின்று சத்தம் போட முடியாது. எனக்குப் பிடித்தது நிலம் தண்ணீருக்குள் நீளும் முனைகள். கோடையில் ஏரித் தண்ணீர் இரண்டு அடுக்காகப் பிரிந்து, கீழடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். மீன் அதற்கு மேலேதான் இருந்தாக வேண்டும். பகலில் அந்த எல்லைக்குச் சற்று மேலே நின்றது, இரவானதும் முனையின் முதுகு வழியாக நாலு அடி, எட்டு அடி ஆழத்துக்கு ஏறிவரும். ஆழம் பக்கத்திலேயே இருக்கும் முனையைப் பகலிலேயே பார்த்து வைத்து, ராத்திரி இரண்டு மூன்று முனைகளை மட்டும் திரும்பத் திரும்பப் போடுங்கள். ஏரி முழுக்க ஓடுவது வேண்டாம், லேக் ஃபோர்க்கில் நிற்கும் அந்த மரங்கள் இருட்டில் யாரையும் விசாரித்துவிட்டு இடிப்பதில்லை.

படகா கரையா என்பதும் இதோடு சேர்ந்ததுதான். படகு இருந்தால் முனை உங்களுடையது. முன்னால் சிவப்பு பச்சை விளக்கு, பின்னால் வெள்ளை விளக்கு எரிய வேண்டும். சிறிய படகில் என்ஜினை நிறுத்தும் கயிற்றை ஓட்டுபவர் உடலில் மாட்டியிருப்பது 2021 ஏப்ரலிலிருந்து அமெரிக்கச் சட்டம். 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு உயிர்காப்பு உடை கட்டாயம். பெரியவர்களும் ராத்திரி போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். கரையில் செலவு இல்லை, ஆனால் காட்டன்மவுத் என்ற நஞ்சுள்ள நீர்ப்பாம்பு கோடை இரவில் நடமாடும். செருப்போடு புல்லுக்குள் இறங்காதீர்கள். டாலஸ் புறநகர்களான ப்ளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் இருப்பவர்கள் பூங்காக் குளங்களை நினைப்பீர்கள், பல பூங்காக்களை இரவில் மூடிவிடுவார்கள், பலகையைப் பார்த்துவிட்டுப் போங்கள். 17 வயதானால் மீன்பிடி உரிமம் வேண்டும். வழக்கமான ஆண்டு உரிமம் ஆகஸ்ட் 31-உடன் முடிந்துவிடும் என்பதால், ஜூலையில் எடுப்பவருக்கு வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு செல்லும் உரிமம்தான் லாபம்.

கடைசியில் எல்லோரும் கேட்பது, குழம்புக்கு ஆகுமா? லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது. 24 அங்குலம் எட்டியது ஒரு நாளைக்கு ஒன்றுதான். சூடான தண்ணீரில் பிடிபட்ட மீன் சீக்கிரம் தளர்ந்துவிடும், போட்டோவுக்காக வெளியே வைத்து ஆளாளுக்குக் கைமாற்றாமல் உடனே விட்டுவிட வேண்டும். குழம்புதான் நோக்கம் என்றால் பாஸையே விட்டுவிட்டு, அதே கரையில் கோழி ஈரலைக் குத்தித் தரையில் போட்டுக் கெளுத்திக்குக் காத்திருங்கள். ராடில் ஒரு மணியைக் கட்டிவிட்டால் நாற்காலியில் சாய்ந்துகொண்டே பிடிக்கலாம்.