‘ஐ லாஸ்ட்’, ‘ஐ ஹேவ் லாஸ்ட்’: எப்போது எது?

சாவி தொலைந்துவிட்டது. ‘ஐ லாஸ்ட் மை கீ’ என்பதா, ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’ என்பதா? பலரும் தயங்கும் இடம் இது.

நேரம்: ‘யெஸ்டர்டே’, ‘இன் 2019’ என்று வந்துவிட்டால் ‘லாஸ்ட்’தான். ‘ஐ ஹேவ் லாஸ்ட் இட் யெஸ்டர்டே’ தவறு. நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

இப்போதைய நிலை: ‘ஹேவ் லாஸ்ட்’ என்றால் சாவி இன்னும் கிடைக்கவில்லை, வாசலிலேயே நிற்கிறீர்கள். வெறும் ‘லாஸ்ட்’ என்றால் அப்புறம் கிடைத்தும் இருக்கலாம்.

ஊர் வழக்கு: பிரிட்டனில் பெரும்பாலும் ‘ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்’, அமெரிக்கப் பேச்சில் ‘ஐ ஜஸ்ட் ஏட்’டும் சகஜம். இரண்டும் சரி.

போன வாரக் கதை சொல்ல ‘லாஸ்ட்’. பூட்டு திறக்க இப்போது ஆள் கூப்பிட ‘ஹேவ் லாஸ்ட்’. ‘சின்ஸ் 2015’ இங்கேயே குடியிருக்கிறேன் என்பதற்கும் ‘ஐ ஹேவ் லிவ்ட்’ என்று ‘ஹேவ்’ வடிவம்தான்.